கோடிப்புறத்து மூங்கில்

தொல்காப்பியர் மரபியலிலே புல்லையும் மரத்தையும் பிரித்துக் காட்டும் இடம் கற்பிப்பவனுக்கும் கற்பவனுக்கும் ஒருங்கே இன்பந் தருவது. காழ், அதாவது வயிரம், புறத்தே இருப்பின் அது புல். அகத்தே இருப்பின் அது மரம். கத்தியும் கண்ணும் துணையாகக் கொண்டு வளவுக்குள்ளே சென்ற எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க உண்மை இது. பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புறக்காழ் உடையன. வேம்பும் பலாவும் பாலையும் அகக்காழ் உடையன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யான் இதனை மாணாக்கர்க்குக் கூறி வருகின்றேன். கூறும்போதெல்லாம், மூங்கிலுக்கு வேய், கழை, பணை, அமை, வெதிர், வேரல், வேணு என இத்தனை பெயர் வழங்குதல் காண்க என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டுவதும் என் வழக்கம். இத்தனை பெயர் அறிந்தவருக்கு மூங்கிலைப் பற்றி யாவும் தெரியும் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். யானும் அவ்வாறே நினைத்திருந்தேன்.

2022ஆம் ஆண்டு அந்த நினைப்பைப் போக்கியது.

அவ்வாண்டை நம்மவருள் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் எரிபொருளும் சமையல் வாயுவும் பால்மாவும் அரிதாயின. ஆனி மாதத்தில், அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வராது தோட்டஞ் செய்யலாம் என அமைச்சரவையே முடிவு செய்தது. தன்னிறைவு என்ற சொல்லைக் கேளாத நாள் இல்லை. எங்கள் கல்லூரி வளவிலும் பிள்ளைகளைக் கொண்டு பாகலும் புடோலும் பயற்றையும் நாட்டினோம். பந்தலுக்குக் கம்பியோ குழாயோ வாங்கப் பணமில்லை. தெரிந்த ஒருவருடைய வளவில் மூங்கில் நின்றது. வேண்டியவற்றை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். கத்தியோடு யானே சென்றேன். முதிர்ந்த கழிகள் நிறம் மங்கி, வடுவும் பாசியும் படர்ந்து, பார்வைக்கு அழகின்றி நின்றமையால் அவற்றை விட்டுவிட்டேன். பசுமையும் மினுமினுப்பும் உடைய இளங்கழிகளாகத் தேர்ந்து வெட்டினேன். தலைவியின் தோளுக்குப் புலவர் உவமை கூறியது இத்தகைய வேயையன்றோ என்று எண்ணி மகிழ்ந்ததும் உண்மை.

ஆடியிற் பந்தல் எழுந்தது. ஆவணியில் அதன் கால்களின் அடியிலே கோதுமை மாப்போல ஒரு தூள் விழத் தொடங்கிற்று. பிள்ளைகள் காட்டினர், யான் பொருட்படுத்தவில்லை. ஐப்பசியில் முதல் மழையின் பாரம் தாங்காது பந்தல் முழுவதும் சரிந்தது. அவ்வேளையில் அதன் கீழ் எவரும் இல்லாதது நற்பேறு. காய்த்துத் தொங்கிய புடோல்கள் சேற்றிற் கிடந்தன. பிள்ளைகள் நான்கு மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்த கொடிகள் அவை. அவற்றை எடுத்து அடுக்கிக் கொண்டிருக்கும்போது ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "ஐயா, மூங்கிலுக்கு வயிரம் வெளியிலே என்றுதானே படிப்பிச்சனீங்கள்? அப்ப உளு எப்படி உள்ளுக்கை போனது?"

யான் விடை கூறவில்லை. தெரிந்திருந்தாலன்றோ கூறுவதற்கு.

விடை கூறியவர் அம்மாணவியின் பேரனார். கடற்றொழில் செய்து ஓய்ந்த முதியவர். பேர்த்தி வீட்டிலே கதை சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை கல்லூரி வாயிலில் வந்து நின்றார். விழுந்த கழிகளுள் ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பின்னர், "பண்டிதர், இது பிஞ்சுத் தடி. ஒரு வருசமும் ஆகேல்லை. வெட்டினதும் வெட்டினீங்கள், தண்ணிக்குள்ளை ஆவது போட்டீங்களோ? உள்ளுக்கை இருக்கிற இனிப்பு இறங்காட்டில் உளு வராமல் என்ன செய்யும்?" என்றார். அவர் நிகண்டு படித்தவரல்லர். ஆயினும் தொல்காப்பியருக்கு அன்று உரை கூறியவர் அவரே என்று யான் சொல்லுவேன்.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் நூல்களிலும் பார்த்து அறிந்துகொண்டேன். மூங்கிற் சுவரின் வெளிப்புறத்தில் நார்கள் நெருங்கியும் உட்புறத்தில் ஐதாகியும் இருக்கின்றன. ஆதலால் உறுதி புறத்தே நிற்கின்றது. உட்பக்கத்து மென்பகுதியிலோ மாப்பொருளும் இனிப்பும் தங்கியுள்ளன. உளுவண்டு மினுக்கமான புறத்தோலைத் துளைக்க முயல்வதில்லை. வெட்டுவாய் வழியாகவும் கிளை அரிந்த தழும்பின் வழியாகவும் உள்ளே செல்கின்றது. நாம் கத்தி வைத்த இடமே அதற்கு வாசலாகின்றது. புறக்காழ் என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருள் உண்டு.

மூங்கில் வளரும் முறையும் வியப்புக்குரியது. மரம் ஆண்டுதோறும் பருக்கின்றது, மூங்கில் பருப்பதில்லை. நிலத்தைப் பிளந்து வரும் முளை எத்துணைப் பருமனோ அத்துணைப் பருமனே இறுதிவரை. இரண்டு மூன்று மாதங்களுள் தன் முழு உயரத்தையும் எட்டிவிடுகின்றது. பேராதனைப் பூந்தோட்டத்திலே, 1856ஆம் ஆண்டு கொணர்ந்து நடப்பட்ட இராட்சத மூங்கிலின் வழிவந்த தூறுகள் மகாவலிக் கரையில் நிற்கின்றன. அவற்றின் முளை ஒரு நாளில் ஏறக்குறைய ஓரடி உயரும் என்பர். கல்விச் சுற்றுலா செல்லும் நம் பிள்ளைகள் அவற்றின்மேல் ஊசியாலும் ஆணியாலும் தம் பெயரைக் கீறிவிட்டு வருகின்றார்கள். தமிழெழுத்துக்களை யானே அங்கே கண்டு தலைகுனிந்தேன். அது வேறு கதை. நிற்க. உயரம் மூன்று மாதத்தில் வந்துவிடினும் உறுதி வருவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். ஆகவே வெட்டத் தகுந்தது அழகிய கழியன்று. மங்கிப் பாசி படர்ந்த கழியே. யான் விட்டுவந்தவையே கொண்டுவரத் தக்கவை. கொண்டுவந்தவையே விட்டுவரத் தக்கவை!

இத்தகைய தவறு என் ஒருவனது தவறாகவே இருந்திருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டியதில்லை. நம் பண்டிதர் பரம்பரைக்கே இதிற் பங்குண்டு என்பது என் கருத்து. தாவரங்களின் பெயரை மனனஞ் செய்வித்தோம். அவற்றின் இயல்பை வயலிலும் வளவிலும் உள்ளவரிடம் விட்டுவிட்டோம். அவர்களோ நம் வகுப்பறைக்கு வருவதில்லை. வேரல் என்பது சிறுமூங்கில் என்று எழுதிய மாணாக்கனுக்குப் புள்ளி கொடுத்தோம். அவன் ஒரு கணுவையேனும் கையால் தடவிப் பார்த்தானா என்று கேட்டோமில்லை.

ஆதலால் அந்தக் கார்த்திகையிலேயே, அதே வளவில் நின்ற தூறிலிருந்து கிழங்கோடு கூடிய ஓர் இளங்கழியைப் பெயர்த்தெடுத்தேன். நுனியை அரிந்து மூன்றடி உயரம் விட்டு, என் வீட்டுக் கோடிப்புறத்தில் நாட்டினேன். கிணற்றடியிற் குளிக்கும் நீரும் அடுப்படியிற் பாத்திரங் கழுவும் நீரும் ஓடிச்சென்று தேங்குகின்ற மூலை அது. முன்னர் அங்கே சேற்றையும் நுளம்பையும் அன்றி வேறொன்றும் விளைந்ததில்லை. மாட்டெருவும் காய்ந்த சருகும் இட்டதன்றி யான் செய்தது வேறில்லை. இது நம் நாட்டின் ஆற்றங்கரைகளிற் காணும் சாதாரண மூங்கில். பொன்னிறத்திற் பச்சைக் கோடு இழுத்தாற்போல அழகுக்காக வளர்க்கப்படும் மஞ்சள் மூங்கிலும் இதன் இனமே. கிழங்கு கிடைக்காதவர் முதிர்ந்த கழியில் இரண்டு மூன்று கணு உடைய துண்டுகளை அரிந்து, ஈரமணலிற் கிடத்தி முளைப்பிக்கலாம். இந்த இனம் அதற்கும் இணங்கும்.

ஒரு தூறு மூங்கில் ஒரு வீட்டுக்கு என்ன தரும் என்று கேட்பார் உளர். கூரைக்கு ஏற ஏணி, மாங்காயும் முருங்கைக்காயும் பறிக்கக் கொக்கத்தடி, குலை தள்ளிய வாழைக்கு முட்டு, பாகலுக்கும் பயற்றைக்கும் பந்தல், கோழிக்குக் கூடு, உடுப்புக் காயவிடக் கொடிக்கால், தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குப் பட்டம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று வானத்தை மறைத்து நிற்கும் பட்டங்களையும், அவற்றின் தலையில் இருந்து கூவும் விண்ணையும் அறியாதார் யார்? அவற்றின் எலும்பு மூங்கிற் கீற்று. உதிரும் இலை நிலத்துக்கு மூடாகும். பசிய இலையை ஆடு விரும்பித் தின்னும். மலையகத்திலே கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகள் முதுகில் நெடுங்காலம் சுமந்தது மூங்கிற் பிளாச்சாற் பின்னிய கூடை. இன்று இவற்றுள் எதனை நாம் கடையில் வாங்காமல் இருக்கின்றோம்? ஏணி அலுமினியம், கொடிக்கால் குழாய், பந்தல் நைலோன் வலை. கப்பல் வராத ஆண்டில் இவையும் வரா என்பதை 2022 நமக்குக் காட்டியது. உணவிலே தன்னிறைவு வேண்டும் என்று கூவினோம். உணவுக்கொடி படர ஒரு தடிக்கும் பிறர் கையைப் பார்த்து நின்றோம்.

மூங்கிற் குருத்தும் உணவாகும். ஆயினும் பச்சையாக உண்ணலாகாது. அதில் நச்சுத்தன்மை உண்டு. மெல்லிதாக அரிந்து நன்றாக அவித்து, அந்நீரைக் கொட்டிவிடவேண்டும். மரவள்ளிக்கிழங்கைத் திறந்த சட்டியில் அவிப்பதற்கும், அதனோடு இஞ்சி சேர்க்கலாகாது என்பதற்கும் விதி வகுத்து வைத்திருக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இது பெரிய வித்தையன்று. எனினும் எங்கள் வீட்டில் இன்னும் எவரும் துணியவில்லை. யானும் வற்புறுத்தவில்லை.

தன்னிறைவு என்ற சொல்லைக் கேட்குந்தோறும் என் நினைவுக்கு வருவது கபிலர் புறநானூற்றிலே பாரியின் பறம்பைப் பாடிய பாட்டு. மூவேந்தரும் மலையைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருக்கின்றனர். அவர்களை நோக்கிப் புலவர், உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு இம்மலையில் உண்டு. நீங்கள் எத்தனை நாள் சூழ்ந்திருந்தாலும் பயனில்லை என்கின்றார். நான்கு யாவை? மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முதலில் நிற்பது மூங்கில் நெல். யான் பல ஆண்டுகளாக இதனை வளத்தின் வருணனையாக மட்டுமே பாடஞ் சொல்லி வந்தேன்.

மூங்கில் எப்போது நெல் விளைக்கும் என்பதை அறிந்தபின்னர் அவ்வாறு சொல்ல வாய் எழவில்லை. முள்மூங்கில் போன்ற இனங்கள் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கின்றன. பூத்தால் ஒரு காட்டில் உள்ளன யாவும் ஒருங்கே பூத்து, நெல் உதிர்த்து, அத்தோடு பட்டுப்போகின்றன. இந்தியாவின் வடகிழக்கு மலைநாடாகிய மிசோரத்தில் ஓர் இனம் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். அம்மக்கள் அதற்கு மௌதாம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மூங்கிற் சாவு என்பது அதன் பொருள். உதிர்ந்த மூங்கில் நெல்லை உண்டு எலிகள் பெருகின. மூங்கில் நெல் தீர்ந்ததும் அவை வயலிலும் களஞ்சியத்திலும் புகுந்தன. 1959ஆம் ஆண்டில் அங்கே பெரும்பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த மக்களின் சினம் ஓர் அரசியல் இயக்கமாகி, 1966இற் கிளர்ச்சியாகவும் வெடித்தது. மீண்டும் 2006 முதல் 2008 வரை மூங்கில் பூத்தபோதும் எலித்தொல்லையும் உணவுத் தட்டுப்பாடும் உண்டாயின. மூங்கில் நெல் வளமும் ஆகும். பஞ்சத்தின் முன்னறிவிப்பும் ஆகும்.

கபிலர் இதை அறியாதவரா? குறிஞ்சியைப் பாடுவதிற் கபிலரை விஞ்சியவர் இலர் என்று போற்றுகின்றோம். மலைவாணரோடு வாழ்ந்த அப்புலவர் மூங்கில் எப்போது நெல் தரும் என்று அறியாதிருந்தார் என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. அவர் ஒன்றைச் சொல்லி நிறுத்தவில்லை, நான்கைச் சொன்னார். மூங்கில் நெல் பொய்த்த ஆண்டில் பலா உண்டு. பலா ஓய்ந்த பருவத்தில் கிழங்கு உண்டு. பாறைப் பிளவில் தேன் உண்டு. பறம்பின் வலிமை அந்த நான்கிலே இருந்தது என்று இப்போது யான் மாணாக்கர்க்குச் சொல்லுகின்றேன். இது உரையாசிரியர் எவரும் கூறாத பொருள் என்று புலவர் சிலர் குறை கூறலாம். கூறுக. பந்தல் சரிந்து கண்ட பொருள் இது.

மற்றொரு பாடமும் மூங்கிலால் விளங்கிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, ஆடலரங்கு அளப்பதற்கு மலையில் வளர்ந்த மூங்கில்களுள் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடையுள்ளதைத் தெரிந்தெடுத்து, இருபத்துநான்கு விரல் அளவுடைய கோலாக அரிந்துகொள்வர் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். அந்தக் கோலால் எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம். இதனைக் கரும்பலகையில் எழுதிக் கணக்காகக் காட்டுவதே என் பழைய முறை. சென்ற ஆண்டு பிள்ளைகளையே தூறுகளுக்கு அழைத்துச் சென்று, சாணால் அளந்து கழி தெரியச் செய்தேன். ஒரு சாண் கணுவிடை கண்டெடுக்க அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது சென்றது. தம் விரலால் இருபத்துநான்கு அளந்து அரிந்த கோல் ஏறக்குறைய ஒன்றரை அடி வந்தது. அதனால் விளையாட்டு மைதானத்தில் ஏழுக்கு எட்டாக அரங்கு குறித்தார்கள். பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி! "ஐயா, மாதவி இவ்வளவு சின்ன இடத்திலேயா ஆடினவ?" என்று ஒருத்தி வியந்தாள். விரலின் அளவு பற்றி ஆராய்ச்சியாளரிடையே வேறு கருத்தும் உண்டு. அது இருக்க, அரங்கேற்று காதையில் ஒரு மாணவி தானாக எழுப்பிய முதல் வினாவை அன்றுதான் யான் கேட்டேன்.

இனி, தடை கூறுவார்க்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள்ளே மழைநீர் தேங்கி நிற்பதுதான் நம் செல்வம். அதனை மிகையாக இறைத்தால் கிணறு உவராகும். இங்கே மூங்கில் எதற்கு என்பார் கூற்றில் நியாயம் உண்டு. காணி முழுவதும் மூங்கில் நாட்டி விரைவிற் செல்வராகலாம் என்று ஆசை காட்டுவோரை நம்பவேண்டாம் என்றே யானும் கூறுவேன். நன்னீர் இறைத்து மூங்கில் வளர்ப்பது பேதைமை. கழிவுநீர் ஓடும் மூலையில் ஒரு தூறு என்பதே என் கோரிக்கை. கிணற்றுக்கும் சுவருக்கும் எட்ட நாட்டுக. எல்லை வேலியோரத்தில் ஒருபோதும் நாட்டற்க. கதியால் ஒரு சாண் நகர்ந்தமைக்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஊர் நமது. மூங்கிற் கிழங்கோ ஆண்டுக்கு ஆண்டு அகலும். அயலான் வளவில் ஒரு முளை எழுந்தால் அது யாருடைய முளை என்று தீர்க்க நீதிமன்றந்தான் செல்லவேண்டிவரும்.

பனை இருக்க மூங்கில் ஏன் என்பாரும் உளர். பனைக்கு யான் பகைவனல்லேன். புறக்காழ் உடைமையால் இரண்டும் உறவு என்றன்றோ தொல்காப்பியர் வகுத்தார். ஆனால் பனை முதிர ஒரு தலைமுறை வேண்டும். போர்க்காலத்திலே பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் இடத்தில் நட்ட வடலிகள் பல இன்னும் வடலிகளே. சிறு தேவைகளுக்கெல்லாம் பனையின் கழுத்தில் வாள் வைக்காதிருக்க வேண்டுமாயின், நான்கைந்து ஆண்டிற் பயன்தரும் தம்பி ஒருவன் பக்கத்தில் நிற்பது நன்று.

பயன்கொள்ளும் முறையை அந்தக் கடற்றொழிலாளரிடம் கேட்டபடியே இங்கு எழுதுகின்றேன். மூன்றாண்டு கடந்த கழியையே வெட்டுக. தூறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் எடுக்கற்க. முளை எழும் மழைக்காலத்தில் உள்ளே கால் வைத்தால் குருத்து முறியும், அப்போது செல்லற்க. நிலத்தையொட்டிய கணுவுக்குச் சற்று மேலே அரிக. கணுவுக்கு மேல் நெடுங்குழாய் விட்டால் மழைநீர் தேங்கி அடிக்கட்டை அழுகும். வெட்டிய கழியை ஐந்தாறு கிழமை நீருள் அமிழ்த்தி, பின் நிழலில் நிறுத்தி உலர்த்துக. அடுப்புப் புகை படும் பரணில் இட்டு வைப்பது பழைய முறை. இன்று பரண் உள்ள அடுப்படி எத்தனை வீட்டில் உண்டு? ஒரு செய்தியை அவர் சொல்லாமல் விட்டார்: மூங்கில் ஊறும் நீர் நாறும். எங்கள் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் யான் ஊறவைத்த முதற் கிழமையில் என் இல்லாள் என்னோடு பேசவில்லை.

நாட்டி மூன்றாண்டு கழிந்துவிட்டது. முதலில் எழுந்த கழிகள் மெலிந்தவை. ஏணிக்கும் பந்தலுக்கும் ஆகா. ஆண்டுதோறும் எழுவன சிறிது சிறிதாகப் பருத்து வருகின்றன. இம்முறை மழைக்கு ஐந்து முளை வந்தன. ஒன்றை அயல்வீட்டு ஆடு தின்றது. அந்தப் பழைய மாணவி இப்போது உயர்தர வகுப்பில் இருக்கின்றாள். அண்மையில் வீட்டுக்கு வந்தவள் தூறைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதிலை நெல் விளையுமோ?" என்று கேட்டாள். இவ்வினம் பூப்பது மிக அரிது. பூத்தாலும் மணி கட்டாது என்றேன். இந்த வினாவுக்கு விடை தெரிந்திருந்தது. மெலிந்த கழிகளில் முதிர்ந்தனவாக ஆறு வெட்டித் தொட்டியில் இட்டிருக்கின்றேன். தைக்கு முன்னர் எடுத்து உலர்த்தவேண்டும்; அவளுடைய தம்பிமார் பட்டத்துக்குக் கேட்டிருக்கிறார்கள்.